எட்டுப் பங்கு விலை

யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்த புதிது, 1993. ஹேமார்க்கெட்டில் ஒரு சீனச் சப்பாத்துக் கடை. கண்ணாடியில் பெரிய 8, பக்கத்தில் ஒரு சீன எழுத்து. எட்டு வீதம்தான் கழிவாக்கும் என்று நினைத்து, பிடித்த சோடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் என்னோடு வேலை செய்த ஹொங்கொங் நண்பர் விளக்கினார். "பாட் ஜிட்" என்றால் பத்தில் எட்டுப் பங்கைக் கொடுத்தால் போதும்; அதாவது 20 வீதக் கழிவு. 75 என்று போட்டிருந்தால் ஏழரைப் பங்கு. எண் சிறுக்கச் சிறுக்க வாங்குபவருக்கு லாபம். நாம் சொல்லும் கழிவும் தமிழ்நாட்டார் சொல்லும் தள்ளுபடியும் போனதைக் கணக்கிடுகின்றன. கான்டனீஸ், நாம் கொடுக்க வேண்டியதைக் கணக்கிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மொழி எனக்குப் பிடித்துப்போனது.

அப்போது அந்தத் தெருக்களில் கேட்டதெல்லாம் கான்டனீஸ்தான். மலிவு விற்பனை வந்தால் "தாய் காம் கா". பாடிஸ் மார்க்கெட்டில் கடை கட்டும் நேரம் மரக்கறிக்கார அம்மா "லெங் ஜாய்" என்று கூப்பிடுவார், அழகுத் தம்பி என்று. நான் "பெங் தி" என்பேன், கொஞ்சம் மலிவாகத் தாங்கோ என்று. விலை குறையாவிட்டாலும் இரண்டு தாள் வெங்காயத்தைச் சும்மா செருகிவிடுவார். அச்சு அசல் நம் கொசுறு.

1850களில் தங்கம் தேடி வந்து மெல்பேர்ன் லிட்டில் பேர்க் தெருவில் கடை போட்டவர்கள் கான்டனீஸின் தாயகமான குவாங்டொங் மாகாணத்தார். 1997 கைமாற்றத்துக்கு முன் ஹொங்கொங்கிலிருந்தும் பலர் வந்தார்கள். 2001 குடிசனக் கணக்கெடுப்பிலும் ஆஸ்திரேலிய வீடுகளில் மாண்டரினைவிடக் கான்டனீஸே அதிகம். 2021இல் மாண்டரின் 2.7 வீதம், கான்டனீஸ் 1.2 வீதம்.

இன்று ஈஸ்ட்வூட்டிலும் மெல்பேர்ன் பொக்ஸ் ஹில்லிலும் அதே 8, அதே எழுத்து. எழுத்து இரு மொழிக்கும் பொது என்பதால் பலகை மாறவில்லை. வாசிக்கும் வாய்தான் மாண்டரினுக்கு மாறி, "பா ஜெ" என்கிறது. "பெங்" என்ற சொல்லுக்கு அந்த வழியும் இல்லை. அதை எழுதிக் காட்டினால் மாண்டரினில் 'சமதளம்' என்றாகிவிடும். மலிவுக்கு அதில் சொல்வது "பியேன் யி". எனக்கு இது நெஞ்சைப் பிசைகிறது.

போன மாதம் சந்தையில் பழக்கத்தில் "பெங் தி" என்றேன். கடைப் பையனுக்குப் புரியவில்லை, கல்குலேட்டரை நீட்டினான். பின்னால் முக்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வயதான அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பெங்", குரலைக் கீழே இறக்கிச் சொல் என்று கையால் காட்டினார். இரண்டு தரம் சொன்னேன். பையில் ஒரு பிடி தாள் வெங்காயம் விழுந்தது.