கேட்டது ஒன்று, வந்தது முப்பது

"தடைக்காலப் பணம் ஏறிடுச்சா பாருடா."

பழவேற்காடு ஏரியோரம் இருக்கிற சுண்ணாம்புக்குளத்தில் ஓர் அம்மா செல்போனை மகனிடம் நீட்டி இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவும் கற்பனை, பையன் திறக்கிற இணையதளமும் கற்பனை. பணம் மட்டும் நிஜம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்காகத் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் முன்பு 5,000 ரூபாய், இப்போது 8,000. பையன் ரேஷன் கார்டு எண்ணைத் தட்டுகிறான். திரையில் இரண்டே வரி: அம்மாவின் பெயர், அதன் கீழே 'தொகை வரவு வைக்கப்பட்டது'. அம்மா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அந்த இரண்டு வரியைக் காட்டுவதற்காக எங்கோ இருக்கிற சர்வர் அந்தப் போனுக்கு என்னென்ன அனுப்பியது? பெயரும் நிலவரமும் மட்டும்தானா? அவசரத்தில் எழுதப்பட்ட தளம் என்றால், அம்மாவைப் பற்றி அட்டவணையில் இருந்த அத்தனையும் போனுக்கு வந்திருக்கும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, பிறந்த தேதி, சாதி, பிள்ளைகளின் பெயர்கள், மனுவைப் பரிசீலித்த அலுவலர் தனக்காக எழுதிவைத்த குறிப்பு என்று முப்பது ஃபீல்டு. திரை அதில் இரண்டை எடுத்துக் காட்டிவிட்டு மீதியைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க ஹேக்கர் வேண்டாம். கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்து, பிரௌசரில் டெவலப்பர் டூல்ஸ் போய், நெட்வொர்க் என்ற இடத்தைத் தட்டினால் போதும். கல்லூரி முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த வேலை.

இது எப்படி நடக்கிறது என்பது புரோகிராம் எழுதாதவர்களுக்கும் புரியக்கூடியதுதான். சர்வரும் செல்போனும் பேசிக்கொள்ளும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். தரவுத்தளத்தில் இருக்கும் பதிவை அந்த வாசல் வழியே அனுப்ப வேண்டுமானால் அதை எழுத்து வரிசையாக, பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவத்தில், மாற்ற வேண்டும். சீரியலைஸ் செய்வது என்பார்கள். இன்றைய கருவிகள் இந்த வேலையை எளிதாக்கிவிட்டன. கொஞ்சம் அதிகமாகவே எளிதாக்கிவிட்டன என்பது என் எண்ணம். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் என்ற கருவியில் எந்தெந்த ஃபீல்டு போக வேண்டும் என்று பெயர் பெயராக எழுதலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் 'எல்லாம்' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிடலாம். வேலை முடிந்தது, திரையும் சரியாக வருகிறது, மேலாளரும் தலையாட்டிவிடுகிறார். திரையில் தெரியாததை யார் சோதிக்கப் போகிறார்கள்?

சோதித்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி அமைப்புக்காக அம்பர் சின்ஹாவும் ஸ்ரீநிவாஸ் கோடாலியும் எழுதிய அறிக்கை 2017 மே மாதம் வெளிவந்தது. அவர்கள் பார்த்தது நான்கே நான்கு அரசுத் தளங்கள். அவற்றிலிருந்து 13 கோடிக்கு மேற்பட்ட ஆதார் எண்களும் சுமார் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் வெளியே தெரிந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நான்கில் இரண்டு ஆந்திர அரசின் தளங்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் கிடக்கிறது. இந்தக் கரைக்காரர்களுக்கு அது அக்கரைச் செய்தி, அவ்வளவுதான். அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது முதியோர் ஓய்வூதியம் போன்ற உதவிகளுக்கான மத்திய அரசின் தளம். அங்கே விவரங்களை மறைத்துத்தான் காட்டினார்கள். ஆனால் முகவரி வரியில் 'நோலாகின்' என்றிருந்த சொல்லை 'லாகின்' என்று மாற்றினால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் மறைப்பு விலகிவிட்டது. கதவுக்குப் பதிலாகத் திரைச்சீலை போட்டிருந்தார்கள்.

2022-இல் விவசாயிகளின் முறை. பிஎம் கிசான் தளத்தின் ஒரு பகுதி, வட்டாரவாரியாக விவசாயிகளின் ஆதார் எண்களைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்ததை அதுல் நாயர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். திட்டத்தில் பதிவு செய்திருந்தவர்கள் 11 கோடிக்கு மேல். ஜனவரியில் அவர் சொன்னார், மே மாதக் கடைசியில்தான் ஓட்டை அடைபட்டது. அந்தப் பக்கத்தின் வேலை வட்டாரக் கணக்கைக் காட்டுவது. அதற்கு எண்ணிக்கை போதும், ஆதார் எண் எதற்கு?

அடுத்த ஆண்டு ஜூனில், கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தின் விவகாரம். டெலிகிராமில் ஒரு தானியங்கிக்குச் செல்போன் எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவரின் விவரங்கள் வந்து விழுந்தன. ஓடிபி இல்லாமல் பொதுமக்கள் யாரும் தரவை எடுக்க முடியாது என்று சுகாதார அமைச்சகம் மறுத்தது. ஆனால் அதே அறிக்கையிலேயே, வேறு அமைப்புகளோடு பகிர்ந்துகொண்ட ஏபிஐக்களில் ஒன்று வெறும் செல்போன் எண்ணை வைத்தே பதில் தரும் வசதி உள்ளதாகச் சொல்லப்படுகிறது என்றும் ஒரு வரி இருந்தது. இன்னொரு வரியும் கவனிக்கத் தக்கது: கோவின் கேட்டு வாங்கியது பிறந்த ஆண்டை மட்டும், முழுத் தேதியை அல்ல. வாங்காத விவரத்தைக் காபந்து பண்ண வேண்டிய கவலையே இல்லை. மொத்த விவகாரத்திலும் எனக்குப் பிடித்த வடிவமைப்பு முடிவு அதுதான்.

பாதுகாப்பு வல்லுநர்களின் ஓவாஸ்ப் அமைப்பு 2019-இல் ஏபிஐக்களின் பத்துப் பெரிய ஆபத்துகளைப் பட்டியலிட்டபோது, தேவைக்கு மேல் தரவை வெளியே விடுவதை மூன்றாவதாக வைத்தது. 2023 பட்டியலில் அதோடு எதிர்த்திசைக் குற்றத்தையும் சேர்த்து ஒரே தலைப்பாக்கியது. அதாவது, வெளியிலிருந்து வரும் ஃபீல்டுகளைப் பார்க்காமலே உள்ளே வாங்கிக்கொள்வது. 2012-இல் எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு படிவத்தோடு கேட்காத ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் என்ற மென்பொருள் திட்டத்துக்குள்ளேயே எழுதும் உரிமை பெற்றுக் காட்டினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் ஒரே சோம்பலின் இரண்டு கைகள்.

சரி, மறைப்பது எப்படி? இங்கேதான் பல டெவலப்பர்கள் தப்பான முனையைப் பிடிக்கிறார்கள். ஜாவாக்காரர்கள் ரகசிய ஃபீல்டின் தலையில் 'ஜேசன் இக்னோர்' என்று குறி போடுவார்கள். லாராவெல் என்ற கருவியில் எழுதுகிறவர்கள் 'ஹிட்டன்' பட்டியலில் கடவுச்சொல்லையும் ஆதாரையும் சேர்ப்பார்கள். இன்றைக்குச் சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து, படகில் பொருத்திய கருவியின் எண்ணையும் இதே அட்டவணையில் சேருங்கள் என்று துறை சொல்கிறது. புதிதாக வந்த பையன் ஃபீல்டைச் சேர்க்கிறான். மறைக்கும் பட்டியல் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அந்த எண் ஊருக்கெல்லாம் போகத் தொடங்கிவிடும். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

மாற்றிப் போடுங்கள். மறைக்க வேண்டியதை எழுதாமல், அனுப்ப வேண்டியதை மட்டும் எழுதுங்கள். லாராவெல்லிலேயே 'விசிபிள்' என்ற பட்டியல் உண்டு. ஜாங்கோவில் அந்த 'எல்லாம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு ஃபீல்டுகளின் பெயரை எழுதலாம். எந்த மொழியானாலும் பதிலுக்கென்று தனியாக ஒரு சின்ன வடிவத்தைச் செய்து, அதை மட்டும் சீரியலைஸ் செய்யலாம். அப்போது புதிதாகச் சேரும் ஃபீல்டு, யாராவது கூப்பிடும்வரை உள்ளேயே கிடக்கும். மறதி நடந்தால் திரையில் ஏதோ ஒன்று வரவில்லை என்று புகார் வரும். ஆதார் போய்விட்டது என்று வருகிற புகாரைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஏரிக்காரர்களுக்கு இது புதிய யோசனை அல்ல. பழவேற்காட்டில் பாடு என்ற பழைய முறை உண்டு. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு. ஊர் அறிய வேண்டியது ஆளும் இடமும் நாளும். அவர் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பது அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. யாரும் அதை எழுதிவிட்டுப் பிறகு அடிப்பதில்லை.

சில இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். குடும்பம் என்ற பதிவுக்குள் உறுப்பினர்கள் என்ற பதிவு இருக்கும். மேலே சுத்தமாகப் பட்டியல் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள், குழந்தைகளின் விவரம் அந்த வழியாகப் போகும். ஆதாரின் கடைசி 4 இலக்கம் மட்டும் காட்ட வேண்டுமானால் வெட்டுவது சர்வரில் நடக்க வேண்டும், போனில் அல்ல. மீன்வளத் துறை அலுவலர் பார்க்கும் பதிலும் பொதுமக்கள் பார்க்கும் பதிலும் ஒரே வடிவமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் ஞாபகத்தை நம்பி விடாமல், பதிலில் இந்தந்த ஃபீல்டுகள்தான் இருக்கின்றன, ஒன்றுகூட மேலதிகமாக இல்லை என்று சரிபார்க்கும் ஒரு சோதனையை எழுதி வைத்தால், யார் எதைச் சேர்த்தாலும் அது கூச்சல் போடும். பத்து வரி வேலை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

"வங்கியிலேர்ந்து பேசறோம்மா, உங்க கார்டுல நாலு பேரு, சின்னப் பையன் பேரு இதுதானே" என்று ஒரு குரல், இப்படிக் கசிந்த விவரத்தை வைத்துச் சரியாகச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் ஓடிபியைச் சொல்லிவிடத்தான் செய்வார். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு விவரம் தெரிந்தவரை வங்கிக்காரர் என்று நினைப்பதில் என்ன தப்பு?

அந்தக் கற்பனைத் தளத்தை நான் எழுதினால் பதிலில் எத்தனை ஃபீல்டு வைப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் இரண்டு என்றுதான் தோன்றியது, பெயரும் நிலவரமும். பிறகு பெயரையும் அடித்துவிட்டேன். ரேஷன் கார்டு எண் ரகசியம் ஒன்றும் இல்லை, கடைக்காரரிலிருந்து ஜெராக்ஸ் எடுத்தவர் வரை பலரிடம் இருக்கிறது. எண்ணைத் தட்டுகிற யாருக்கும் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? அம்மாவுக்குத் தன் பெயர் தெரியும். பணம் ஏறிடுச்சா என்றுதான் அவர் கேட்டார்.