சைப்ரஸ் தீவில் ஒரு வசந்தகாலச் சுற்றுப்பயணம்

மத்தியதரைக் கடலிலுள்ள தீவுகளுள் பரப்பில் மூன்றாவதாக விளங்குவது சைப்ரஸ். சிசிலியும் சார்டீனியாவும் மட்டுமே அதனினும் பெரியவை. 9,251 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் கோடையில் மழை அரிது. குளிர்காலத்தில் பெய்யும் மழையைக் கொண்டே கோதுமையும் பார்லியும் விளைகின்றன. ஆதலின் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே அந்நாட்டின் எழில்மிகு பருவமாகும். அப்போது வயல்கள் பசுமை போர்த்து நிற்கும். வரப்பெங்கும் செந்நிறக் காட்டுப்பூக்கள் மலரும். ஆரஞ்சுத் தோப்புகளின் பூமணம் சாலை வரை வந்து வீசும்.

அத்தகைய ஏப்ரல் மாதமொன்றில் யாமும் எம் மனைவியாரும் வாடகை மோட்டார் வண்டியில் பத்து நாட்கள் அத்தீவைச் சுற்றி வந்தோம். 1878 முதல் 1960 வரை பிரிட்டிஷார் ஆண்ட நாடாதலின், நம் நாட்டிற் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்புறமே செல்கின்றன. ஆகவே வண்டி ஓட்டுவது எமக்கு எளிதாயிற்று. தீவின் பழம்பெரும் சின்னங்களைப் பற்றி எழுதியோர் பலர். நூலையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்க்குப் பயன்படத்தக்கனவற்றையே யாம் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

லெஃப்காராவின் ஊசிவேலை

விமான நிலையமுள்ள லார்னகா நகரிலிருந்து மேற்கே சென்று, மலையடிவாரத்திலுள்ள லெஃப்காரா என்னும் ஊரை முதலில் அடைந்தோம். கல் பாவிய குறுகிய தெருக்களில், வீட்டு வாயில்தோறும் மூதாட்டியர் மடியில் திண்டு வைத்துத் துணியில் ஊசிவேலை செய்துகொண்டிருந்தனர். லினன் துணியில் இழைகளை எண்ணி எடுத்து, இடைவெளிகளை நூலால் பின்னி நிரப்பும் நுண்தொழில் இது. ஆறு வளைந்து செல்வது போன்ற கோணல் வரிசை இதன் புகழ்பெற்ற கோலம். அதற்கு ‘ஆறு’ என்றே பெயர். லியொனார்டோ டா வின்சி 1481இல் இவ்வூருக்கு வந்து, மிலான் நகரின் பேராலயத்திற்கென ஒரு துணி வாங்கிச் சென்றார் என்பது ஊரார் வழங்கும் கதை. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

எம் மனைவியார் ஒரு மூதாட்டியின் அருகில் அமர்ந்து துணியைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்திலும் முடிச்சொன்று கண்ணிற் படவில்லை. ஒரு மேசை விரிப்பு முடியப் பல மாதங்கள் ஆகுமென அம்மூதாட்டி கூறினார். தாய் மகளுக்குக் கற்பித்தே இத்தொழில் வளர்ந்தது. மகள் இட்ட தையல் பிழையாயின், தாய் அதைப் பிரித்து மீண்டும் இடச் செய்வாளாம். இன்று இளம்பெண்கள் இதற்கு முன்வருவது குறைந்துவிட்டது. வெளிநாட்டு இயந்திரத் துணிகளும் அதே பெயரில் மலிவாக விற்கப்படுகின்றன. இது நம் நெசவாளர்கள் நன்கறிந்த துன்பமே.

கொடியும் மரமும் தறியும்

லிமசோல் நகரைக் கடந்து மேற்கே சென்றால் கொலோசி என்னும் பழங்கோட்டை தோன்றும். அதன் பக்கத்தில் இடைக்காலத்துக் கரும்பு ஆலையொன்றின் இடிபாடு நிற்கின்றது. அந்நாட்களில் இத்தீவு சர்க்கரையும் பருத்தியும் ஏற்றுமதி செய்து செல்வம் ஈட்டியது. இன்று மலைச்சரிவுகளில் காண்பன திராட்சைக் கொடிகளே. பழத்தை வெயிலில் உலர்த்திச் செய்யும் ‘கமாண்டரியா’ என்னும் இனிய மது, பதினான்கு கிராமங்களுக்கு மட்டுமே உரியது.

வழியெங்கும் கரோப் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் காய்கள் புளியம்பழம் போல் கருமை நிறத்தன. முன்னாளில் இக்காய்களின் ஏற்றுமதியால் வந்த வருவாய் மிகுதி. ஆகவே மக்கள் இதனைக் ‘கறுப்புத் தங்கம்’ என்றழைத்தனர். கரோப் விதையிலிருந்து எடுக்கும் பசை, துணியில் அச்சிடும் சாயத்தைக் குழைக்கவும் பயன்படுகிறது என்பதை நெசவாளர் குறித்துக்கொள்க.

பாஃபோஸ் நகரின் வடக்கே மலைமேல் உள்ள ஸ்ட்ரூம்பி கிராமத்தருகே, ‘சோடாப்’ என்னும் நிறுவனத்தின் மது உற்பத்திச் சாலையைக் கண்டோம். 1947இல் திராட்சைக் குடியானவர்கள் ஒன்றுகூடித் தோற்றுவித்த நிறுவனம் இது. அதற்கப்பால் உள்ளது ஃபிட்டி என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பெண்கள் வெண்ணிறப் பருத்திப் பாவில், வண்ண நூலை விரல்களாலேயே எடுத்துக் கோர்த்துக் கட்டங்களும் கோணங்களுமாகப் புட்டா இடுகின்றனர். தறி ஓடும் ஓசை கேட்டதும் யாம் வண்டியை நிறுத்தினோம். ஆயின் இன்று அங்கே தறியில் அமர்வோர் மிகச் சிலரே.

ஒரு கோடு, இரு பாதி

1,952 மீட்டர் உயரமுள்ள ட்ரூடோஸ் மலையைக் கடந்து தலைநகரான நிக்கோசியாவை அடைந்தோம். இந்நகரைக் குறுக்கே பிளந்து செல்கிறது ஒரு கோடு. 1974இல் கிரேக்கத்தோடு இணைய விரும்பியோர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். அதன் பின்னர்த் துருக்கியப் படைகள் வந்திறங்கின. கிரேக்க மொழியினர் தெற்கிலும் துருக்கிய மொழியினர் வடக்கிலுமாகத் தீவு பிரிந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் வீட்டையும் தோப்பையும் விட்டு அகன்றன. 2003 ஏப்ரலில்தான் கடவுவழிகள் திறக்கப்பட்டன. யாம் கடவுச்சீட்டைக் காட்டி, வண்டிக்கு வேறொரு காப்புறுதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு வடபுறம் சென்றோம்.

வேலிக்கு இருபுறமும் அதே கோதுமை வயல், அதே ஆட்டு மந்தை. அப்பாலின் கட்டியைத் தெற்கில் ‘ஹல்லூமி’ என்பர். வடக்கில் ‘ஹெல்லிம்’ என்பர். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரு பெயர்களையும் ஒருசேரப் பதிந்து, இத்தீவுக்கே உரிய பொருளெனப் பாதுகாப்பு அளித்தது. அரசியலார் கூடாத இடத்தில் ஆயர்களின் பொருள் கூடியது.

லெஃப்கோனிகோ கற்பிக்கும் பாடம்

மெசோரியா சமவெளியின் வடபகுதியில் லெஃப்கோனிகோ என்னும் ஊர் உள்ளது. நம் அங்கத்தினர்க்கு இதுவே பயணத்தின் தலையாய இடம். வட்டிக்கடையால் நலிந்த குடியானவர்கள், 1909இல் தீவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவியது இவ்வூரிலேயே. கைநெசவிலும் பெயர் பெற்ற ஊர் இது. 1914இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கெனச் சட்டம் பிறந்தது. பின்னர் ஊர்தோறும் சங்கங்கள் தழைத்தன. 1974இல் இவ்வூரார் தம் ஊரை இழந்து தெற்கே சென்றனர். ஆயினும் தெற்கில் அவ்வியக்கம் நின்றுவிடவில்லை.

அதற்கு வீழ்ச்சி வேறு வழியில் வந்தது. 2013ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில், திரும்பி வாராத கடன்களால் தளர்ந்த கூட்டுறவு வங்கி அமைப்பிற்கு அரசு 150 கோடி யூரோ அளித்து, அதன் உரிமையில் 99 சதவிகிதத்தை எடுத்துக்கொண்டது. 2018இல் வைப்புத் தொகைகளும் நல்ல கடன்களும் வேறொரு வங்கிக்கு விற்கப்பட்டன. நூறாண்டு கடந்த முயற்சி அவ்வாறு முடிந்தது. 2019இல் அறிக்கை அளித்த விசாரணைக் குழு, நிர்வாகக் குறைகளைக் கடுமையாகச் சுட்டிக் காட்டியது.

போரும் பிரிவினையும் அழிக்காததைக் கணக்கின் தளர்ச்சி அழித்துவிட்டது. 1909இல் கூடியோர் ஒருவரையொருவர் அறிந்தவர். யாருக்குக் கடன், எதற்குக் கடன் என்பது ஊரறிந்த செய்தி. சங்கங்கள் பெருகி வங்கி பெரிதானபோது அந்தக் கண் மங்கியது. லெஃப்காராத் தாய் மகளின் பிழைத் தையலைப் பிரிக்கச் சொல்வது போல, பேரேட்டில் பிழை கண்டவிடத்து அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினர்க்கும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவு படிக்கப்படும்போது அவ்வுரிமையை நாம் வாளா விட்டுவிடலாகாது.