கணக்கு எழுதினவருக்கும் கணக்கு உண்டு



கிளைக் கூட்டம் முடிந்து ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம். பால்மரம் வெட்டும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஜெர்மனியில 96 வயசுக் கெழவியக் கோர்ட்டுல நிறுத்துனாங்களாமே. சாகப் போற வயசுல அவங்கள இழுத்து என்னண்ணே ஆவப் போவுது?" பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. வழக்கு விவரத்தைப் படித்த பிறகுதான் மனம் மாறியது.

அந்த அம்மாள் பெயர் இர்ம்கார்ட் ஃபுர்க்னர். இன்று போலந்தில் இருக்கும் ஷ்டுட்ஹோஃப் என்ற இடத்தில் நாஜிகள் நடத்திய வதைமுகாமில், 1943 முதல் 1945 வரை முகாம் தலைவனின் ஆபீசில் டைப் அடித்தவர். அப்போது வயது 18, 19. அந்த முகாமில் செத்தவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். 2021 செப்டம்பரில் விசாரணை தொடங்க வேண்டிய காலையில், முதியோர் இல்லத்திலிருந்து டாக்சி ஏறி ஓடிவிட்டார்! சில மணி நேரத்தில் போலீஸ் பிடித்தது. டாக்சி பிடித்து ஓடத் தெம்பிருந்தவருக்குக் கோர்ட்டுக்கு வரத் தெம்பில்லை என்று எப்படிச் சொல்வது?

அவர் யாரையும் அடித்தார், சுட்டார் என்று வழக்கு இல்லை. உள்ளே நடந்தது அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. நீதிபதிகள் இரண்டு பேர் முகாமுக்கே போய், அந்த ஆபீஸ் சன்னலிலிருந்து எதெல்லாம் கண்ணில் படுகிறது என்று நேரில் பார்த்து வந்தார்கள். 2022 டிசம்பர் 20-ல் தீர்ப்பு வந்தது. 10,505 கொலைகளுக்குத் துணை போனார் என்று சொல்லி இரண்டு வருஷத் தண்டனை. அதையும் நிறுத்தி வைத்தார்கள், சிறைக்குப் போகவில்லை. அன்றைக்கு வயது குறைவு என்பதால் இளையோர் நீதிமன்றத்தில்தான் வழக்கே நடந்தது. 2024-ல் மேல் கோர்ட்டும் தீர்ப்பை உறுதி செய்தது. 2025-ல் அவர் இறந்து போனார்.

இன்னொருவர் ஒஸ்கார் குரோனிங். அவுஷ்விட்ஸ் முகாமில் ரயிலில் வந்து இறங்கிய யூதர்களின் பெட்டிகளில் இருந்த பணத்தை எண்ணிக் கணக்கு எழுதியவர். நம் பாஷையில் சொன்னால் கிராணி. 2015-ல் அவருக்கு நான்கு வருஷம் கொடுத்தார்கள், வயது 94. மனசாட்சிப்படி தானும் குற்றவாளிதான் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். முகாமில் தப்பிப் பிழைத்த ஏவா கோர் என்ற மூதாட்டி அங்கேயே அவரைக் கட்டிப் பிடித்து மன்னித்தார். குடும்பத்தைப் பறிகொடுத்த மற்றவர்கள் அது எங்களுக்காகச் செய்த மன்னிப்பு அல்ல என்று கோபப்பட்டார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. சிறைக்குள் கால் வைக்கும் முன்பே 2018-ல் குரோனிங் காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் அவர்களுக்கு 40, 50 வயதாக இருக்கும்போதே செய்திருக்கலாமே என்றால், அது நியாயமான கேள்வி. ஜெர்மன் கோர்ட்டுகள் பல வருஷம், இன்னாரைத் தன் கையால் கொன்றான் என்ற சாட்சி கேட்டுக்கொண்டிருந்தன. கூண்டோடு செத்த இடத்தில் சாட்சிக்கு எங்கே போவது? 2011-ல் மியூனிக் கோர்ட், சோபிபோர் முகாமில் காவல் நின்ற தெம்யான்யுக் என்பவரைத் தண்டித்தபோதுதான் வழி திறந்தது. கொலை ஆலையில் வேலை பார்த்தவன் கொலைக்குத் துணை என்று அன்று சொன்னார்கள். அதற்குள் பெரிய பெரிய ஆட்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டே நிம்மதியாகக் கண் மூடிவிட்டார்கள். தாமதம் செய்தது அரசாங்கம். அந்தத் தாமதத்தையே குற்றவாளிக்குச் சலுகையாகக் கொடுக்க வேண்டுமா?

"சரிண்ணே, செயிலுக்கும் போகல. அப்புறம் என்ன புண்ணியம்?" என்றார் தம்பி.

பிழைத்தவர்கள் கோர்ட்டில் நின்று, என் அம்மா பெயர் இது, இந்த ரயிலில் வந்தாள் என்று சொன்னார்கள். அரசாங்கம் உட்கார்ந்து கேட்டது, எழுதிக்கொண்டது.

நம் பக்கம் வாருங்கள். 1942, 43-ல் சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. மலாயாத் தோட்டத்துத் தமிழர், பர்மியர், சாவகர் என்று ஆசியத் தொழிலாளிகள் செத்தது 90,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அதுகூட மதிப்பீடுதான். நம் ஆட்களைச் செக்ரோலில் பெயர் எழுதாமல் புதைத்துவிட்டான் ஜப்பான்காரன். போருக்குப் பிறகு சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் நடத்திய ரயில் வழக்குகள் பெரும்பாலும் வெள்ளைக் கைதிகளைப் பற்றியவை. சிறையில் இருந்த மிச்சப் பேரையும் 1958-க்குள் விட்டுவிட்டார்கள். ஜெர்மனியைப் போலத் தன் ஆட்களைத் தானே தேடிப் பிடிக்கும் அலுவலகம் ஜப்பானில் ஏற்படவே இல்லை.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டியோட அப்பாவும் சயாமுக்குப் போனவருதாண்ணே. திரும்பி வரல" என்றார்.

பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுவிட்டு இரவு போன் செய்தார். அம்மாவுக்கும் பாதிப் பெயர்தான் ஞாபகம் இருந்தது.