உங்களுக்குத் தெரியுமா? பனியன் பிசிறும் பூனை மூத்திரமும்

திருப்பூர் பட்டறையில் பனியன் துணியின் பிசிறை எடுப்பதும், பவானி ஜமக்காளத்தில் பூனை போன இடத்து நாற்றத்தை எடுப்பதும் நொதிதான். ஆள் மட்டும் வேறு: பட்டறையில் பருத்தியின் செல்லுலோஸைக் கடிக்கும் செல்லுலேஸ், பூனை விஷயத்தில் யூரிக் அமிலத்தையும் புரதத்தையும் சிதைப்பவை. யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. சோப்புப் போட்டு அலசினாலும் படிகமாக நூலில் தங்கி, ஈரக்காற்று பட்டதும் திரும்ப வீசும்.

பிளீச்சிங் பவுடர் போதாதா என்பார்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமின் வாயு கிளம்பி, கண்ணும் தொண்டையும் எரியும். ஜமக்காளத்தின் பட்டைச் சாயமும் வெளுத்துவிடும். கறுப்பு பினாயில் இன்னும் மோசம்: ஃபீனாலை மாற்றி வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. சரி, வெந்நீர்? பட்டறையில் பிசிறெடுக்கும் நொதி அலசலை, அதாவது பயோவாஷை, 50–55 டிகிரியில் ஓட்டிவிட்டு, கடைசியில் சூட்டை 80க்கு ஏற்றுவதே நொதியின் வேலையை நிறுத்தத்தான்! ஆகவே வெந்நீரும் வேண்டாம். முதலில் பனியன் வேஸ்ட்டால் அழுத்தி ஈரத்தை உறிஞ்சுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீர் விட்டு இன்னொரு முறை ஒற்றுங்கள். பிறகு நொதிக் கலவை நூலின் அடிவரை இறங்கும்படி ஊற்றி, சில மணி நேரம் காயாமல் ஊற விடுங்கள். சாயம் போகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.