மதுரைக்கும் கொழும்புக்கும் நடுவே

வரைபடத்தில் நேர்க்கோடு இழுத்துப் பார்த்தால், மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னையின் மீனம்பாக்கம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர், கொழும்பின் கட்டுநாயக்கா 350தான். 2012இல் மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குக் கிளம்பியதில் வியப்பில்லை. பறப்பது ஒரு மணி நேரம். அதற்கு முன் சோதனைக்கும் முத்திரைக்கும் வரிசையில் நிற்பது அதைவிட அதிகம்.

விமானம் வருவதற்கு வெகு முன்பு, ரயில் 1876இல் தூத்துக்குடியை எட்டியபின், அங்கே போய்க் கப்பலேறுவதுதான் கொழும்புக்கு வழி. ஓர் இரவு கடலில் கழியும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்த வழி மாறியது. ரயில் தனுஷ்கோடிவரை போனது. இறங்கினால் கப்பல், கடல் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அக்கரையில் தலைமன்னார் துறையில் வேறொரு ரயில் காத்திருக்கும். இரவெல்லாம் ஓடி, விடிந்தபின் கொழும்புக் கோட்டையில் இறக்கிவிடும். போட் மெயில் என்று பேர் வாங்கிய அந்த வழியில், சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் இரண்டு ரயிலுக்கும் கப்பலுக்கும் செல்லும்.

எல்லோருக்கும் அது ஒரே பயணமாக இருக்கவில்லை. வியாபாரிக்கு ஒரு பகலும் ஓர் இரவும். இலங்கை மலைத்தோட்டத்துக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோன கூலிக்கு, மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காக அடைபட்ட நாட்களும் சேர்த்துக் கணக்கு. 1964 இந்திய – இலங்கை (சாஸ்திரி – சிறிமாவோ) ஒப்பந்தத்துக்குப் பின், அவர்கள் வழிவந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கடல்வழியாகவே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பழைய பயணத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் மண்டபத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அதே 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கைக் கலவரங்களை அடுத்து 1980களில் நின்றேபோனது. 2011இல் தூத்துக்குடி – கொழும்புக் கப்பலைத் திரும்ப விட்டார்கள். சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை.

விமானம் கொடுத்தது சிறிதல்ல. ஒரு பகலும் ஓர் இரவும் தின்ற வழி, காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் அடங்கிவிட்டது. ஆனால் இன்று அதில் ஏறும் பலருக்குக் கொழும்பு போய்ச்சேரும் ஊரே அல்ல. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் மாறும் இடம். ஊருக்குள் போகாமலே கடந்துவிடுகிறார்கள். அன்றைய பயணிக்கு மானாமதுரையும் பரமக்குடியும் மன்னாரும் வழியில் வரும் ஊர்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தவருக்குத்தான் இன்று அவை மேகத்தின் கீழே ஏதோ ஒரு கரை.

தண்டவாளம் இரு கரையிலும் திரும்ப வந்துவிட்டது. போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் ஓடத் தொடங்கியது. பாம்பனில் புதிய பாலம் 2025இல் திறந்தது. நடுவில் கப்பல் மட்டும் இல்லை. அதனால் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் எதிர்க்கரையில் உள்ள மன்னாருக்கு மதுரை விமானத்தில் போக வேண்டுமானால், முதலில் மேற்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்கு வர வேண்டும். அங்கே விமானம் பிடித்துக் கட்டுநாயக்காவில் இறங்கி, மறுபடி வடக்கே முந்நூறு கிலோமீட்டர் போல ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். கப்பலில் சில மணி நேரத்தில் முடிந்த கடலுக்கு, இப்போது ஒரு முழு நாள்.