கியர் காரிலும் தானியங்கி காரிலும் ஓட்டுநர் பயிற்சி

கியர் காரில் பழகுவதற்கும் தானியங்கி காரில் பழகுவதற்கும் உள்ள முதன்மை வேறுபாடு கிளட்ச் மிதி ஆகும். இம்மிதி இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரங்களிலிருந்து பிரிக்கவும் மீண்டும் இணைக்கவும் பயன்படுகிறது. கிளட்ச் கவ்வத் தொடங்கும் இடத்தைப் பாதம் உணர வேண்டும். சட்டென்று காலை எடுத்தால் வண்டி குலுங்கி அணைந்துவிடும். மேட்டில் நிற்கும் காரைக் கிளப்புவதுதான் கற்பவர்களை மிகவும் திணறவைப்பது. கிளட்ச் கவ்வியதும் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி, அதன் பிறகே கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டும். முந்தினால் கார் பின்னால் உருளும். தானியங்கியில் இத்தொல்லை குறைவு. ஆனால் கியர் காரில் பழகியவர் அதற்கு மாறும்போது, பழக்கதோஷத்தில் இடக்காலால் கிளட்ச் என எண்ணிப் பிரேக்கை மிதித்துவிடுவதுண்டு.

பிரித்தானியாவில் தானியங்கி காரில் தேர்வில் தேறியவருக்குக் கியர் காரை ஓட்டும் முழு உரிமம் கிடைப்பதில்லை. கியர் காரில் தேறியவர் இரண்டையும் ஓட்டலாம். இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ இருசக்கர வாகனங்களை மட்டுமே கியர் உள்ளவை, இல்லாதவை எனப் பிரிக்கிறது. கார்கள் அனைத்தும் இலகுரக மோட்டார் வாகனம் என்ற ஒரே வகையில் அடங்கும். எனவே தானியங்கியில் மட்டும் பழகி உரிமம் பெற்றவரும் கிளட்ச்சைத் தொடாமலேயே கியர் காருக்குச் சட்டப்படி தகுதி பெறுகிறார். அவர் சாலைக்கு வருமுன் காலி மைதானத்திலும், பிறகு சிறு மேட்டிலும் பழகிக்கொள்வது அவசியம்.