தண்ணீரும் வண்ணமும்

ஒரு குழந்தையிடம் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். "ஒரு காட்சி வரை" என்று சொல்லுங்கள். என்ன வரையும்?

இரண்டு முக்கோண மலைகள். நடுவில் பாதிச் சூரியன். ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். வானத்தில் நான்கு காக்கைகள்.

பெங்களூர் அல்சூரில் வளரும் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. ஆனால் அது தினமும் பார்ப்பது என்ன? ஏரி, மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி, தூங்குமூஞ்சி மரம். இவற்றில் ஒன்றும் படத்தில் இல்லை. ஏன்? "நீ பார்ப்பதை வரை" என்று நாம் சொல்வதில்லை. யாரோ வரைந்ததைப் பார்த்து வரையச் சொல்கிறோம்.

நீர்வண்ணம் இதை மாற்ற உதவும். எப்படி என்று பார்ப்போமா?

நம் ஊரை வரைந்தவர்கள்

கே. வெங்கடப்பா என்று ஓர் ஓவியர் இருந்தார். 1886இல் பிறந்தவர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் கல்கத்தா சென்று படித்தார். ஊட்டி, கொடைக்கானல் மலைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள ஓவியக் கூடத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர் ருமாலெ சென்னபசவய்யா. 1910 முதல் 1988 வரை வாழ்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் பங்கு கொண்டவர். பெங்களூரில் பூத்துக் குலுங்கும் மரங்களைத் தேடிச் சென்று வரைந்தார். நாம் பஸ்ஸில் கடந்து போகும் அதே மரங்கள்தான்!

என்னென்ன வேண்டும்?

நிறைய வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வண்ணம் போதும். ஒரு பெரிய பிரஷ், ஒரு சிறிய பிரஷ். கொஞ்சம் தடித்த தாள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். தாளை அட்டையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள்.

இரண்டு டம்ளரில் தண்ணீர் வையுங்கள். ஒன்று பிரஷ் கழுவ. ஒன்று வண்ணம் கலக்க. கலக்குவதற்குப் பழைய பீங்கான் தட்டு போதும். துடைக்கப் பழைய பருத்தித் துணி. பிரஷை வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

முதல் நாள் கலவை மட்டும்

முதல் நாள் படம் வேண்டாம். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. மஞ்சளும் சிவப்பும் கலந்தால் ஆரஞ்சு. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா. சிவப்பு செங்கல் நிறமாக இருந்தால் ஊதா மங்கலாக வரும். ரோஜாச் சிவப்பு என்றால் தெளிவாக வரும்.

இதை நாம் சொல்லிவிடக் கூடாது. குழந்தையே கலந்து கண்டுபிடிக்கட்டும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே பல நாள் பாடம்.

கோலமும் நீர்வண்ணமும்

கோலத்தில் வெள்ளை மாவை நாம் போடுகிறோம். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் போடுவதில்லை. விட்டுவிடுகிறோம். தாளின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. மேகம் வேண்டுமா? அந்த இடத்தில் வண்ணம் பூசாதீர்கள்.

துணிக்குச் சாயம் போடுவதை நினைத்துப் பாருங்கள். வெளிர் சாயத்தின் மேல் அடர் சாயம் ஏறும். அடர் சாயத்தின் மேல் வெளிர் சாயம் ஏறாது. நீர்வண்ணமும் அப்படித்தான். அதனால் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில்.

ஒரு காட்சி வரைவோம்

எட்டு வயதுக்கு மேல் இப்படிச் செய்யலாம்.

1. பழைய கல்யாணப் பத்திரிகையின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். அதன் வழியாகக் குழந்தை பார்க்கட்டும். ஜன்னலுக்குள் தெரிவதை மட்டும் வரைந்தால் போதும்.

2. பென்சிலால் லேசாகக் கோடு போடட்டும். வானம் எங்கே முடிகிறது? மரம் எங்கே நிற்கிறது? அவ்வளவே.

3. வானத்தின் இடத்தை நல்ல தண்ணீரால் நனையுங்கள். அட்டையைச் சற்றுச் சாய்த்து, மேலிருந்து நீலம் பூசுங்கள். கீழே வர வர, பிரஷில் தண்ணீரைக் கூட்டுங்கள். நீலம் தானாக வெளிறும். ஈரம் காயும் முன் துணியைக் கசக்கி ஒற்றி எடுத்தால், அங்கே மேகம்!

4. காத்திருங்கள். புறங்கையால் தாளைத் தொடுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை.

5. தூரத்தில் உள்ளதை வெளிர் நிறத்தில் பூசுங்கள்.

6. பக்கத்தில் உள்ள மரத்தைக் கடைசியில் அடர் நிறத்தில் வரையுங்கள். இலைகளுக்கு நடுவே வானம் தெரிய இடம் விடுங்கள்.

தூரம் எப்படித் தெரிகிறது?

லால்பாக் பாறை மேல் நின்று பாருங்கள். அது சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறை. பக்கத்து மரம் கரும்பச்சையாக இருக்கும். தூரத்துக் கட்டடங்கள் வெளிறி, சாம்பல் நீலமாகத் தெரியும்.

காரணம் காற்று. நமக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே நிறையக் காற்று இருக்கிறது. அதில் தூசியும் ஈரமும் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுகிறது. அதனால் தூரத்துப் பொருள் மீது மெல்லிய திரை போட்டதுபோல் இருக்கிறது. படத்திலும் தூரத்தை வெளிறச் செய்தால், பார்ப்பவருக்குத் தூரம் தெரியும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

"மரம் ஊதாவாக இருக்குமா?" என்று அதட்டாதீர்கள். பெங்களூரில் இருக்கும்! மார்ச் மாதத்தில் ஜாகரண்டா மரத்தைப் பாருங்கள். ஒன்று பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி இந்த ஊரில் மரங்களை நடச் செய்தவர் குரும்பிகல். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். 1908இல் பெங்களூர் வந்தார்.

குழந்தையின் படத்தை நாம் திருத்தி வரையக் கூடாது. நம் கை பட்டால் அது நம் படம். "இங்கே என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அது போதும்.

"இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு. எங்கள் பிள்ளை படித்தால் போதும்" என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். நியாயமான கவலைதான். கையில் காசு குறைவு. பல தொடக்கப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியரும் இல்லை. ஆனால் உற்றுப் பார்ப்பதும், பொறுமையாகக் காத்திருப்பதும், பார்த்ததைத் தன் கையால் சொல்வதும் படிப்புக்கு எதிரி அல்ல. அவையும் படிப்புதான். நம் தெருவும் படம் வரையத் தகுந்த இடம்தான் என்று குழந்தை அறிகிறது. அடுத்தவர் மலையை வரைந்த பிள்ளை, தன் ஏரியை வரைகிறது.

செய்து பாருங்கள்

* உங்கள் வாசலிலிருந்து தெரியும் வானத்தைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். என்ன வித்தியாசம்?
* உங்கள் தெருவில் உள்ள மரங்களின் பெயர்களை எழுதுங்கள்.
* ஞாயிற்றுக்கிழமை நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு காட்சி வரையச் செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளையின் பெயர், இடம், தேதி எழுதுங்கள். அதை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.